கண்ணு குந்தறதுக்கு ஒரு எடம்

எங்கள் லைனில் யாரும் வெள்ளைத் துணி வாங்க மாட்டோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், மில் சுவரை ஒட்டி வரிசையாகப் பத்து வீடு, பத்துக்கும் சேர்த்து ஒரே சிமெண்ட் ஷீட் கூரை. மில்லில் இரும்பு உருக்குகிறார்கள். மில் பெயர் வேண்டாம், என் வீட்டுக்காரர் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறார். விடியற்காலை ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை புகையைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கொடித்துணி, குடத்துத் தண்ணீர், சோற்றுப்பானை மூடி என்று எல்லாவற்றிலும் மினுமினுவென்று கரி வந்து உட்காரும். அதனால் நாங்கள் எடுப்பதெல்லாம் மெரூன், காப்பிக்கொட்டைக் கலர், கருநீலம். ஸ்கூல் சட்டைதான் வேறு வழியில்லாமல் வெள்ளை. அதுவும் வாங்கின மூன்றாம் மாதம் சாம்பல் கலர் ஆகிவிடும்.

அந்த லைனில் ஆறாவது வீட்டு அக்கா, ஜன்னலுக்கு வெள்ளை ஸ்கிரீன் போட்டிருந்தார்.

பால் வெள்ளை. கீழ் ஓரத்தில் சின்னச் சின்னதாக இலை வெட்டி லேஸ் வைத்தது. பாரிமுனை பிளாட்பாரத்தில் பேரம் பேசாமல் வாங்கினாராம். ஏன் பேரம் பேசவில்லை என்று கேட்டால், பேசியிருந்தால் அதற்கு மனசு கஷ்டமாகியிருக்கும் என்பார். எதற்கு? ஸ்கிரீனுக்கு. இப்படி ஒரு மனுஷி.

ராத்திரி படுக்கும்முன் ஸ்கிரீனைச் சுருட்டித் தூக்கி, இரண்டு சேஃப்டி பின் குத்தி, மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை மாட்டிவிடுவார், மறுநாள் பகல் பூரா அது அப்படியே இருக்கும். சாயங்காலம் வந்ததும் ஜன்னல் கதவை இறுக்கிச் சாத்தி, ஈரத்துணியால் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைப்பார். மில் புகை அடங்கினபிறகுதான் கவரைக் கழற்றி ஸ்கிரீனை இறக்கிவிடுவார். ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். ஆக, அந்த ஸ்கிரீன் ஸ்கிரீனாகத் தொங்குவது ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை துவையல், சொட்டு நீலம் மூன்று சொட்டு. வெளிக்கொடியில் போடவே மாட்டார். வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்கடியில் கயிறு கட்டிக் காயவைப்பார்.

லைனில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். குழாயடிக்கு அவர் வரும்போது, வழி விடுங்கப்பா, மகாராணி வராங்க என்பேன். அவரும் கூடவே சிரிப்பார். இந்தப் பாடு எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி லைனை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"எங்க பாத்தாலும் செவுரு, துரு, லாரி. நாள் பூரா நின்னுகினே கீது இந்தக் கண்ணு. அதுக்கும் போய் குந்தறதுக்கு ஒரு எடம் வோணும்ல?"

இதுதான் அவருடைய பேச்சு. எதற்கெடுத்தாலும் இதைச் சொல்வார். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவருக்கு. பெரிய பெரிய கக்கூஸ் கழுவுகிற வேலை, அதை அழகாகச் சொல்லும் பேர் அது. அங்கே தூக்கிப்போடுகிறதில் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். பார்சல் கட்டின சிவப்பு ரிப்பன், யாரோ குடித்துப்போட்ட பச்சைக் கண்ணாடிப் பாட்டில், மூடி உடைந்த சென்ட் புட்டி. கழுவித் துடைத்தபிறகு அதெல்லாம் வேறு சாமானாகிவிடும். பச்சைப் பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தார். அவருக்கு லீவு நாளில் நாலு மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தப் பாட்டில்மேல் விழும். சுவரில் பச்சையாக ஒரு வட்டம் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகும். அதைப் பார்க்கிறதற்கென்றே என் மகள் ஜெனி அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. மற்ற நாளிலும் அக்கா வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் ஓடுவாள், நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை இருப்பாள்.

அவர் வீட்டில் நான் முதல்முதலாக டீ குடித்ததும் ஜெனியைத் தேடிப் போனபோதுதான். ஒரே ஒரு பீங்கான் கப்பும் சாசரும் வைத்திருந்தார். கப்பில் ஒரு பக்கம் மட்டும் நீலப் பூ. அது விருந்தாளிக்கு. அவருக்கு எப்போதும் எவர்சில்வர் டம்ளர். நான் கப்பை வாங்கி வாயருகே கொண்டுபோனபோது, இரு இரு என்று தடுத்து, என் கையிலேயே கப்பைச் சுற்றித் திருப்பினார். பூ உன் பக்கம் இருக்கணும், என் பக்கம் இருந்து இன்னா பிரயோஜனம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பேக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து, கால் வீங்கி, தலையில் அட்டையின் தூசியோடு வந்து நிற்கிறேன், பூ எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன. ஆனாலும் திருப்பினபடியே குடித்தேன்.

அவருடைய சொந்தக்கதை எனக்கு அதிகம் தெரியாது. திருவாலங்காடு பக்கம் ஊர். புருஷன் இல்லை. மகன் ஒருத்தன் ஓரகடத்தில் வேலை செய்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். வந்தபோது நானே பார்த்தேன். ஸ்கிரீனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வெளியே எச்சில் துப்பினான். அவன் போனதும் அவன் கை பட்ட இடத்தை மட்டும் அக்கா சோப்புப் போட்டுக் கசக்கினார்.

ஜெனிக்கு நாலு வயசிலிருந்தே வீசிங். இழுப்பு வந்தால் நெஞ்சுக்குழி உள்ளே போய் உள்ளே போய் வரும், உதடு நிறம் மாறும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான். வீட்டைச் சுற்றித் தூசி இருக்கா? என்ன சொல்வது? பிள்ளையின் அப்பாவுக்குச் சோறு போடுவதே அந்தத் தூசிதான் என்றா?

லைனின் கடைசி வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார், மனு எழுதுவதில் கில்லாடி. ராத்திரி ஆனால் மில்காரன் தூசி பிடிக்கிற மெஷினை நிறுத்திவிடுகிறான், கரண்ட் மிச்சம் பண்ண, என்று அவர்தான் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தார், அதுவே பதில். திருவள்ளூரில் ஒரு ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள், போகலாம் என்றார் அண்ணன். வெறும் காகிதத்தை வாங்கிக் கட்டோடு கட்டாகப் போட்டுவிடுவான், கையில் சாட்சி வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை மூன்று நாள் வெளியே போட்டு, அப்படியே கொண்டுபோய் மேஜைமேல் விரித்தால் அப்புறம் யாரும் வாய் பேச முடியாது.

நல்ல யோசனைதான். வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? எல்லோரும் ஆறாவது வீட்டைப் பார்த்தோம்.

கேட்டவுடன் அவர் தரவில்லை. புதுசா ஒரு முழம் மல்லுத்துணி வாங்கிப் போட்டா ஆகாதா என்றார். புதுத் துணி என்றால் இதற்காகவே செய்தது என்பான், புழங்குகிற துணிதான் வேண்டும் என்றார் அண்ணன். இரண்டு நாள் அவர் குழாயடிக்கு எல்லோரும் போனபிறகே வந்தார். மூன்றாம் நாள் ஜெனிக்கு இழுப்பு வந்தது. அவர்தான் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினதும், யாரும் கேட்காமலே ஸ்கிரீனைக் கழற்றிக் கொண்டுவந்து வெளிக்கொடியில் போட்டார். நாலு மூலையிலும் கிளிப் மாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வாசலைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் அண்ணன் அதை உதறாமல் மடித்தார். எட்டாய் மடித்த துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் கரி. உங்கள் பொருள், நீங்களே பத்திரமாகக் கொண்டுவாங்க என்று அவரிடமே கொடுத்தார். அதுதான் தப்பு.

மறுநாள் அண்ணன், அக்கா, நான், மூன்று பேரும் கிளம்பினோம். கவரைப்பேட்டையில் மாறி, பெரியபாளையத்தில் மாறி, திருவள்ளூர் போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. அக்கா ஒரு துணிக்கடைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வரிசையில் நின்று, உள்ளே கூப்பிட்டதும் அண்ணன் மனுவை நீட்டினார், நான் ஜெனியின் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். சாட்சி கொண்டுவந்திருக்கோம் சார் என்றார் அண்ணன். அக்கா பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருந்தது. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. சோப்பு வாசனை எனக்கே வந்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவோ எங்களைப் பார்க்காமல் ஆபீசரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டபோதுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இல்லண்ணா. பெரிய ஆபீசரு டேபிள்மேல அய்க்குத் துணிய எப்டிண்ணா வெக்கறது?"

ஆபீசர் நல்ல மனுஷர். லேஸை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்கும்மா என்றார். விசாரிக்கிறோம் என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிலைமையிலும் அக்காவின் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்துபோனது. அந்த ஸ்கிரீனைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நாங்கள் யாரும் சொன்னதில்லை.

நான் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பிவரும்போது பஸ்ஸில் என் கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்தார். நான் திருப்பி அவர் மடியிலேயே போட்டேன்.

"உனுக்கு உன் துணிதான் பெருசு. எம்புள்ள மூச்சு பெருசு இல்ல. இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராத."

அதுவரை அவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நீ என்றேன். அவர் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். பெரியபாளையத்தில் இறங்கி பஸ் மாறும்போது பையை மறந்துவிட்டு இறங்கினார், அண்ணன்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

விசாரிக்க ஒருத்தரும் வரவில்லை.

ஜெனியை அந்த வீட்டுக்கு விடவில்லை. பச்சை வட்டம் பார்க்கணும் என்று அழுதாள், இரண்டு வைத்தேன். ஸ்கூல் விட்டு வந்ததும் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு தடவை இழுப்பு வந்தது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தோம். டாக்டரம்மா பழைய சீட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து, போன வருஷம் பூரா இவ்வளவு மோசமாக வந்ததில்லையே, சாயங்கால நேரத்தில் பிள்ளை எங்கே இருப்பாள் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

சாத்தின ஜன்னல். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வழுவழுத்த தரை. சாயங்காலம் மில் புகையைத் திறந்துவிடும் நேரமெல்லாம் என் பிள்ளை அந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறாள். அவர் ஸ்கிரீன் கெடக்கூடாது என்று துடைத்தார். அதில் என் பிள்ளை ஒரு வருஷம் மூச்சு விட்டிருக்கிறாள். அங்கே போகாதே என்று தடுத்தது நான்.

அன்றைக்கே போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். மூஞ்சி இல்லை எனக்கு. இடம் மாற்றினால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊத்துக்கோட்டையில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் கொண்டுபோய் ஜெனியை விட்டுவிட்டு வந்தேன். அங்கேயே ஸ்கூலில் சேர்த்தோம். பஸ் ஸ்டாண்டில் அவள் அழவில்லை, நானும் அழவில்லை. அதற்கப்புறம் எனக்கு எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. பெல் அடித்தால் நிற்கிறேன், பெல் அடித்தால் உட்காருகிறேன். அட்டைப்பெட்டி மடிக்கிறேன். லைனில் சாவு விழுந்தாலும் கல்யாணம் நடந்தாலும் எனக்கு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் முதலில் திட்டினார், அப்புறம் பழகிக்கொண்டார்.

அதனால்தான் ஆறாவது வீட்டு வாசலில் நடந்ததை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. அந்த ஸ்கிரீன் மறுபடி வெளிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மூன்று நாள் இல்லை. வெயிலில் கிடந்தது, தூறலில் நனைந்தது, ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து முதலில் சாம்பலாகி, அப்புறம் பழுத்து, கடைசியில் கறுத்தே போனது. லேஸில் வெட்டின இலையெல்லாம் கரியில் அடைத்துக்கொண்டது. ஜன்னல் மொட்டையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார், துவைக்க ஒன்றும் இல்லாமல்.

ஒருநாள் காலையில் கதவைத் தட்டினார். கையில் பிளாஸ்டிக் கவர், அதே பெரிய கவர். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"தொவைக்கல. ஒதறக்கூட இல்ல. ஆபீசுக்கு நீயே எட்த்துகினு போ. என் கைல இருந்தா மறுபடியும் எதுனா செஞ்சிடுவேன்."

வாங்கிக்கொண்டேன். மனு எழுதின அண்ணன் அதற்குள் பொன்னேரிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். தனியாக யார் திருவள்ளூருக்கு அலைவது, பிள்ளையே இங்கே இல்லை, இனி எதற்கு என்று கவரை முடிச்சுப் போட்டுப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் அவருடைய கம்பெனியில் கான்ட்ராக்ட் மாறினது, பழைய ஆட்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டைக் காலி பண்ணின அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். திரும்பிவந்து பார்த்தால் பூட்டு தொங்குகிறது. போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் முகம் கொடுத்திருந்தால்தானே சொல்வதற்கு. எங்கே போனார் என்று லைனில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜெனி இப்போது ஏழாம் வகுப்பு. லீவுக்கு வந்தால் இரண்டு நாள் இருப்பாள், பையில் இன்ஹேலர். போன லீவில் பரண்மேல் ஏதோ தேடப்போய் அந்தக் கவரை இறக்கிவிட்டாள். பிரித்துப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இலையைப் பார்த்தே கண்டுபிடித்தாள். இது எதற்கு இங்கே என்று கேட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவங்க குடுத்தும் நீ ஏம்மா எடுத்துனு போகல என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுப் போனேன். அதே மூன்று பஸ். அதே ஆபீஸ், வேறே ஆபீசர், சின்ன வயசு. மனுவை நீட்டினேன். இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதனால் தைரியமாகக் கவரைப் பிரித்து, துணியை மேஜைமேல் வைத்து விரிக்கப் போனேன். மடிப்பிலிருந்து கரி பொலபொலவென்று கொட்டியது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டார்.

"என்னம்மா நீங்க? ஆபீசுக்கு இப்படியா ஒரு துணிய எடுத்துட்டு வருவாங்க? கீழ வைங்க, முதல்ல கீழ வைங்க."

நான் கீழே வைத்தேன். துப்பட்டாவால் அவர் மேஜையைத் துடைத்தேன். ஒரு மூலை விடாமல் துடைத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார், வெளியே பியூனிடம் நம்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். துணியை அவர் பார்க்கவே இல்லை.

பஸ்ஸில் கவரை மடியில் வைத்திருந்தேன். ஆபீசர் மேஜையைப் பற்றி அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் பிறத்தியார் மேஜையையும் கக்கூஸையும் துடைத்தவருக்குத் தெரியாமலா இருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போய், நீங்க சொன்னது சரிதான்க்கா என்று சொல்லுவேன். நீங்க என்றே சொல்லுவேன். திருவாலங்காடு பக்கம் என்று மட்டும்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது.

வீட்டுக்கு வந்தபோது மில் இன்னும் புகையைத் திறந்துவிடவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஸ்கிரீனை வாளியில் ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் தார் மாதிரி வந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். ஐந்தாம் தண்ணீரில் இலை தெரிந்தது. வெள்ளை வரவில்லை, இனி வராது. சொட்டு நீலம் மூன்று சொட்டு விட்டு அலசி, ஃபேனுக்கடியில் கயிறு கட்டி வீட்டுக்குள்ளேயே போட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, குனிந்து, அதில் படாமல் அந்தப் பக்கம் போனார்.